பிள்ளைகளை அழவைத்த டாக்டரம்மா

டோங்காத் தீவுகளின் தலைநகரான நுகுஅலோஃபாவில் ஹிங்கானோவின் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். எந்த வீட்டு வாசலில் நின்று ஜனங்கள் தலை சீவிக்கொள்கிறார்களோ, அதுதான். வாசற்கதவின் மேல்பாதியில் பெரிய கண்ணாடி ஒன்று பதித்திருக்கிறது. வெளியே நிற்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஹிங்கானோவுக்கு அது ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற பெண்கள் அதன் முன் நின்று உடைக்கு மேல் மரியாதைக்காகச் சுற்றிக்கட்டுகிற இடுப்புப் பாயைச் சரிசெய்வார்கள், பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ஈயென்று இளித்துப் பார்ப்பார்கள். உள்ளே ஒரு கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் நிற்கிறார்கள்.

அந்தக் கண்ணாடி சாமானியமானதல்ல. மெல்போர்னிலிருந்து கம்பளியில் சுற்றிக் கப்பலேறி வந்தது. இந்தத் தீவின் பாதிக் குழந்தைகள் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். இன்றைக்குப் போலீசாகவும் பாதிரியாராகவும் மிடுக்காக நடக்கிற பல பேர் ஒரு வயதில் அங்கே மூக்கு ஒழுகக் கதறியதை ஹிங்கானோ வீடியோவில் பிடித்து வைத்திருந்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள ஒட்டுதலை ஆராய்வது அவள் தொழில். மனோதத்துவம் என்பதெல்லாம் ஊர் வாயில் நுழையவில்லை. 'பிள்ளைகளை அழவைக்கிற டாக்டரம்மா' என்று பெயர் வைத்து வேலையை முடித்துக்கொண்டார்கள்.

அவள் பிறந்தது ஹாபாய் தீவுக்கூட்டத்தில். அப்பா சைமோனே கடலில் வலை போடுபவர். பெற்றவள் மெலியாமே. ஹிங்கானோ தத்தித் தத்தி நடக்கப் பழகியிருந்த சமயம், அப்பாவின் அக்கா லெசியேலி தலைநகரிலிருந்து வந்து இறங்கினாள். லெசியேலிக்குப் பிள்ளை இல்லை. வயிறாரச் சாப்பிட்டாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், "இந்தச் சின்னவளை எனக்குக் குடு" என்றாள். அந்த ஊர் வழக்கப்படி அத்தை கேட்டால் கேட்டதுதான். பன்றியைக் கேட்டால் பன்றி, பாயைக் கேட்டால் பாய், பிள்ளையைக் கேட்டால் பிள்ளை. தம்பி பெண்டாட்டி அங்கே வாய் திறக்கிற வழக்கமே இல்லை. இதில் யாருக்கும் அவமானம் கிடையாது, பெருமைதான். பிள்ளை டவுனில் வளரும், படிக்கும், அத்தை சொத்து அதற்கு வரும்.

லெசியேலி அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள். அதில் பொய் இல்லை. ஹிங்கானோ அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். பெற்றவள் வருஷத்துக்கு ஒரு தடவை, சர்ச் மாநாட்டுக்கு வரும்போது, பின்னிய பாய்களும் உலர்ந்த ஆக்டோபஸ் கட்டும் சுமந்துகொண்டு வருவாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். எல்லாரும் அவளை மெலியாமே என்று கூப்பிட்டார்கள், ஹிங்கானோவும் அப்படித்தான் கூப்பிட்டாள். யார் பெற்றது, யார் வளர்ப்பது என்பது ஊரறிந்த விஷயம், அதில் ஒளிவு மறைவு இல்லை. மெலியாமே வந்ததும் ஹிங்கானோ பாய்க்கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பிப்பாள். பார்த்து முடிப்பதற்குள் மெலியாமே கிளம்பிப் போயிருப்பாள்.

அந்த வீட்டில் ஒரு விசித்திரம் இருந்தது. கடலைப் பார்த்த முன்கதவைப் பலகை வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார்கள். ராஜா வந்தாலும் சமையல் பக்கமாகத்தான் வர வேண்டும். ஏன் என்று ஹிங்கானோ கேட்டதுண்டு. "உப்புக்காத்து" என்பாள் லெசியேலி. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அதே உப்புக்காற்றுதான் அடித்தது.

உதவித்தொகை கிடைத்து மெல்போர்ன் போனாள். அங்கே பேராசிரியர் கார்மோடி என்ற ஒல்லியான அம்மாள், இருட்டு அறையில் ஒரு படம் போட்டுக் காட்டினார். ஒரு அறை, பொம்மைகள், ஒரு தாய், தவழ்கிற குழந்தை. அறிமுகமில்லாத பெண் ஒருத்தி வந்து உட்காருவாள். தாய் எழுந்து வெளியே போவாள். குழந்தை அழும். கொஞ்ச நேரத்தில் தாய் திரும்பி வருவாள், வந்த பெண் சத்தமில்லாமல் வெளியேறிவிட வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

"போறப்போ அழறதைப் பார்க்காதே. அது எல்லாப் பிள்ளையும் அழும்" என்றார் கார்மோடி. "திரும்பி வர்றப்போ என்ன செய்யுதுன்னு பாரு. ஓடிப்போய் ஒட்டிக்கிட்டா, அதுக்கு நம்பிக்கை இருக்கு. சில பிள்ளைங்க தாயைப் பார்க்காத மாதிரி பொம்மையை எடுத்துப் புரட்டிக்கிட்டே இருக்கும். சமத்துன்னு நாம நினைப்போம். ஆனா நெஞ்சுல ஒயரை ஒட்டிப் பார்த்தா, அதுக்குத்தான் தாறுமாறாத் துடிக்குது."

பிறகொரு நாள் டீ குடிக்கும்போது ஹிங்கானோ தன் கதையைச் சாதாரணமாகச் சொன்னாள். கார்மோடி கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒன்றரை வயசுப் பிள்ளையைத் தூக்கிக் குடுத்துட்டாங்களா? அது காயம், ஹிங்கானோ."

"எங்க ஊர்ல அது மரியாதை மேடம்."

"பெரியவங்களுக்கு மரியாதை. பிள்ளைக்கு?"

ஹிங்கானோவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன் ஊரைப் பற்றி ஒரு வெள்ளைக்காரி தீர்ப்புச் சொன்னதில் வந்த கோபம் அது. ஆனால் அதற்கடியில் ஒரு பயமும் இருந்தது. அவர் சொல்வது உண்மையாக இருந்தால்? தான் அன்று அழுதாளா, பெற்றவள் அழுதாளா என்று அதுவரை அவள் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் லெசியேலியை அவமதித்த மாதிரி ஆகும். கேட்காமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான், படிப்பை முடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் வந்தாள். முதலில் ஊர்ப் பிள்ளைகளைப் பார்ப்போம், என்னைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்பது கணக்கு.

அது எண்பதுகளின் தொடக்கம். ஒரு மாதர் சங்கக் கட்டடத்தின் பின்னறையை வாங்கிக் கண்ணாடியைப் பொருத்தி, அதன் பின்னால் மறைந்து உட்கார்ந்து பார்த்தாள்; பெனி என்ற இளைஞனை அறைக்குள்ளேயே கேமராவுக்கு வைத்துக்கொண்டாள். அந்த நாட்களை நினைத்தால் ஹிங்கானோவுக்கு இன்றைக்கும் சிரிப்பு அடங்காது.

முதல் சிக்கல், அறிமுகமில்லாத பெண். டோங்காவில் அப்படி ஒருத்திக்கு எங்கே போவது? முதலில் வந்தவள் அறைக்குள் நுழைந்ததும், "அடிப்பாவி, நீயா?" என்று தாயைக் கட்டிப்பிடித்தாள். ஒன்றுவிட்ட அக்கா. இரண்டாவது வந்தவள் மடியில் குழந்தை தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அது யார் மடியிலும் உட்காரும், அப்படித்தான் வளர்ந்தது. மூன்றாவது சோதனையில் ஒருவழியாகக் குழந்தை அழுதது. ஹிங்கானோ பேனாவைக் கையில் எடுத்தாள். அதற்குள் கதவு திறந்தது. தெருவில் போய்க்கொண்டிருந்த குழந்தையின் அத்தை, அழுகைச் சத்தம் கேட்டு உள்ளே வந்து, "பிள்ளையை அழவிட்டு என்னடி வேடிக்கை?" என்று தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள். அத்தையை யார் தடுப்பது? தாயும் கைகட்டி நின்றாள், டாக்டரம்மாவும் கைகட்டி நின்றாள்.

ஹிங்கானோ இல்லாத ஒரு நாள் எடுத்த வீடியோவில் கூரை மட்டும் பதிவாகியிருந்தது.

"என்னடா இது, மின்விசிறியையா படம் பிடிச்சே?"

"வந்த பொம்பளை என் தங்கச்சி டாக்டரம்மா. ஒரே ரூம்ல நான் எப்படி நிக்கிறது? கேமராவை மேல திருப்பிட்டு ஜன்னல் வழியா குதிச்சுட்டேன்."

"கதவு இருக்கேடா!"

"கதவுக்கிட்ட அவ இருந்தா."

வளர்ந்த அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் இருக்கக்கூடாது, அங்கே மரியாதை அப்படி. ஹிங்கானோவால் திட்டவும் முடியவில்லை.

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பியபோது, சேம்பு இலையில் மாட்டிறைச்சியை மடித்துக்கொண்டிருந்த லெசியேலி நிமிராமலே தீர்ப்பு வழங்கினாள். "மெலியாமேவை வரச் சொல்லு. சைமோனே கண்ணை மூடினதுக்கப்புறம் அங்க சும்மாதான இருக்கா. டவுன்ல அவ பேரைத் தெரியும், முகம் ஒருத்தருக்கும் தெரியாது. முகமும் ஒரு மாதிரி உம்முனு இருக்கும், பிள்ளைங்க பயப்படும்." சொன்னதோடு நிற்கவில்லை, அடுத்த கப்பலிலேயே ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டாள்.

மெலியாமே வந்தாள். எப்போதும் போல் பாய்க்கட்டோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். செய்ய வேண்டியதை ஹிங்கானோ ஒரு தடவைதான் சொன்னாள். உள்ளே போய்ச் சும்மா உட்காருங்கள், பிறகு தாயோடு ஓரிரு வார்த்தை, பிறகு பிள்ளையோடு விளையாடுங்கள், தாய் திரும்பி வந்ததும் வெளியே வந்துவிடுங்கள்.

அந்தக் கடைசி இடத்தில்தான் மற்றவர்கள் எல்லாரும் சொதப்பினார்கள். தாய் வந்ததும் பிள்ளையை முத்தமிட்டு ஒப்படைப்பார்கள், இன்றைக்கு உன் வீட்டில் என்ன சமையல் என்று நின்று பேசுவார்கள். மெலியாமே அப்படிச் செய்யவில்லை. தாயின் காலடி கேட்கும்போதே எழுந்தாள். பிள்ளையின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்தாள், பிள்ளை அதைக் குனிந்து பார்க்கிற நேரத்தில் சுவரோரமாக நகர்ந்து வெளியேறிவிட்டாள். பெனி அசந்துபோனான்.

"இவங்க போறது கேமராவுக்கே தெரியல டாக்டரம்மா. இப்போ இருக்காங்க, அடுத்த நிமிஷம் இல்ல, அவ்வளவுதான்."

சோதனைகள் ஒழுங்காக நடந்தன. ஒரு மாதம் போல மெலியாமே அந்த அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தாள். ஒரு மதியம் இருவரும் கட்டடத்தின் பின்புறம் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஹிங்கானோ விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"எல்லாருக்கும் நான் மண்டையில அடிச்சுச் சொல்லியும் வரல. நீங்க மட்டும் எங்க கத்துக்கிட்டீங்க, சத்தமில்லாமப் போறதுக்கு?"

"உன் வீட்டுலதான்" என்றாள் மெலியாமே.

ஹிங்கானோ சிரித்தாள். மெலியாமே சிரிக்கவில்லை.

"உன்னைக் கொண்டு வந்து விட்டப்போ, பிள்ளை பழகணும்னு என்னையும் கொஞ்ச நாள் தங்கச் சொன்னாங்க. முதல்ல உன் பக்கத்துல உக்காந்தேன். அப்புறம் பாயோட ஓரத்துல. அப்புறம் சுவரோரம். அப்புறம் வாசல்ல. ஒரு நாள் காலையில நீ அவங்க மடியில உக்காந்து வாழைப்பழம் தின்னுக்கிட்டிருந்தே. அவங்க ஏதோ சொன்னாங்க, நீ சிரிச்சே. அப்போ எந்திரிச்சுப் போயிட்டேன்."

"திரும்பிப் பார்க்கலையா?"

"பார்த்தா நீ பார்த்துடுவியே."

இத்தனை வருஷமும் கேட்காமலிருந்ததை ஹிங்கானோ அன்றைக்குக் கேட்டேவிட்டாள். "நான் அழுதேனா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மெலியாமே. "நான்தான் போயிட்டேனே." பிறகு, அவளே எதிர்பாராத மாதிரி, "எல்லா வருஷமும் அவங்ககிட்ட கேக்கணும்னு வருவேன். கேட்டதில்ல" என்று சேர்த்துக்கொண்டாள். எழுந்து பாவாடையில் மண்ணைத் தட்டிக்கொண்டு அடுத்த பிள்ளைக்காக உள்ளே போய்விட்டாள்.

பதில் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். அன்று சாயங்காலம் ஹிங்கானோ நேராக லெசியேலியிடம் போய் நின்றாள். "அம்மா, மெலியாமே என்னை விட்டுட்டுப் போனப்போ நான் அழுதேனா?"

லெசியேலிக்கு முகம் சிவந்தது. ஊரையே அதட்டுகிற பெண் அவள். "இதுக்குத்தான் உன்னை மெல்போர்னுக்கு அனுப்பிப் படிக்க வச்சேனா?" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நடுவிலேயே நின்றுவிட்டாள். பலகை அடித்த முன்கதவைப் பார்த்தாள்.

"அழல. அழுதிருந்தா நான் சமாளிச்சிருப்பேன். அவ அந்தக் கதவு வழியாத்தான் போனா. நீ போய் அங்க நின்னுக்கிட்டே. தூக்கிட்டு வந்தா மறுபடியும் போய் நிப்பே. சோறு ஊட்டினா அங்க நின்னே வாயைத் திறப்பே. கதவை மூடினா கதவையே பார்ப்பே. எனக்குத் தாங்கலடி. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பலகை அடிக்கச் சொல்லிட்டேன். கதவே இல்லன்னா நீ மறந்துடுவேன்னு நினைச்சேன்."

"மறந்தேனா?"

"அடுத்த வருஷம் அவ வந்தா. நீ அவளைத் திரும்பியே பார்க்கல. பாயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கிட்டிருந்தே. நீ மறந்துட்டேன்னு எனக்கு ஒரே சந்தோஷம்."

பொம்மையைப் புரட்டுகிற பிள்ளையைப் பற்றி ஹிங்கானோவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை பாய்களைப் பிரித்துப் பார்த்திருப்பாள்! படிக்கப் போய்த் திரும்பியபோதுகூட, கப்பல்துறையில் மெலியாமே நின்றுகொண்டிருக்க, அவள் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது, லெசியேலியின் மேல் ஆத்திரமும் வந்தது. ஆனால் அந்த லெசியேலி, கதவைப் பார்த்தபடி, தன் பெரிய உடம்பெல்லாம் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். பிள்ளையைக் கேட்டு வாங்கியவள், அந்தப் பிள்ளை வாசலில் நின்றதை இத்தனை காலமும் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

அந்த வாரமே சோதனைகள் முடிந்தன. மெலியாமேவை அழைத்துப்போக மகன் மோசேசே, ஹிங்கானோவின் தம்பி, ஹாபாயிலிருந்து வந்திருந்தான். கப்பல் மதியம் என்று பேச்சு. ஹிங்கானோ சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனதில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காலையில் பெனி தன் லாரியில் வீடியோ பெட்டிகளைக் கொண்டு வந்தான். அவற்றை வாங்கி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினால், சுவரோரம் காலியாக இருந்தது. பாய் மடித்து வைத்திருந்தது. மறுபடியும் போய்விட்டாள்.

"பெனி! வண்டியை எடு!"

"எங்க டாக்டரம்மா?"

"துறைமுகத்துக்குடா! கேள்வி கேக்காதே!"

"இருங்கடா, என்னையும் ஏத்துங்க" என்று லெசியேலி செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள். அவளை லாரியில் ஏற்ற இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது.

கப்பல் மதியமல்ல, காலையே கிளம்ப நின்றது. பன்றிகளும் மெத்தைகளும் மண்ணெண்ணெய் பீப்பாய்களும் ஏறிக்கொண்டிருந்தன. கூட்டத்துக்கு நடுவே மெலியாமே ஏறுபலகையில் கால் வைத்திருந்தாள். ஹிங்கானோ லாரியிலிருந்து குதித்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"அம்மா!"

மெலியாமே திரும்பவில்லை. அந்தச் சொல் தனக்கானது என்று அவள் ஏன் நினைக்கப்போகிறாள்? பின்னாலிருந்து லெசியேலிதான், "என்னடி?" என்றாள்.

"நீ இல்லம்மா. அவங்க."

துறைமுகமே அமைதியானது. பன்றிகளைத் தவிர. ஹிங்கானோ ஓடினாள். "மெலியாமே! அம்மா! சொல்லிட்டுப் போங்க! என்கிட்ட சொல்லிட்டுப் போங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய், ஏறுபலகையில் அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். பட்டம் வாங்கிய, முப்பது தாண்டிய பெண், ஒரு வயதுப் பிள்ளை மாதிரி மூக்கு ஒழுக அழுதாள். மோசேசே அக்கா அழுவதைப் பார்க்கக்கூடாதென்று அவசரமாகக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மூட்டை தூக்குகிற ஒருவன், "பிள்ளைகளை அழவைக்கிற டாக்டரம்மாவை யாருப்பா அழவச்சது?" என்றான்.

மெலியாமே அவள் முகத்தைத் தன் பாவாடையால் துடைத்தாள். "எதுக்குடி அழறே? எதுக்குடி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் வாயிலிருந்து ஹிங்கானோவுக்கு வந்த முதல் 'டி' அது.

அதற்குள் மூச்சுவாங்க வந்து சேர்ந்த லெசியேலி ஒரு பீப்பாயின் மேல் உட்கார்ந்துகொண்டாள். "மோசேசே! இங்க வா."

"சொல்லுங்க அத்தை."

"உன் அத்தை கேட்டா நீ மறுக்கலாமா?"

"அதெப்படி அத்தை?"

"அப்போ கேக்குறேன். உன் அம்மாவை எனக்குக் குடு."

மோசேசே கடலைப் பார்த்தான், கப்பலைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். பிறகு கப்பலில் ஏறி, மெலியாமேவின் மூட்டையை எடுத்து வந்து அத்தையின் காலடியில் வைத்தான். அன்று வீட்டுக்கு வந்ததும் லெசியேலி பெனியைக் கொண்டு முன்கதவின் பலகையைப் பிடுங்கச் சொன்னாள். துருப்பிடித்த ஆணிகள், வருவேனா என்றன. சாயங்காலம் கடற்காற்று வீட்டுக்குள் வந்தது.

கார்மோடிக்கு அவள் அனுப்பிய முடிவுகளைப் பற்றி அறிஞர்கள் ஏதேதோ விவாதித்தார்கள். பல மடிகளில் வளர்கிற பிள்ளைக்குப் பல பேரிடம் ஒட்டுதல் இருக்கும், அதில் குறையில்லை என்று அவள் எழுதினாள். காயம், பிள்ளையைக் கொடுப்பதில் இல்லை, சொல்லாமல் போவதில் இருக்கிறது என்றும் எழுதினாள். ஊருக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. வானொலியில் வாரம் ஒரு தடவை பேசினாள். கூத்தாடிச் சிரிக்க வைத்துவிட்டுக் கடைசியில் எப்போதும் ஒன்றையே சொன்னாள்: நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போகிற அப்பாமார்களே, பிள்ளையை அக்கா வீட்டில் விட்டுப் போகிற அம்மாமார்களே, பிள்ளை தூங்கும்போது நழுவாதீர்கள், அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போங்கள். தீவுகள் எல்லாவற்றிலும் தாய்மார்கள் அதைச் சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்தார்கள். கேலி செய்துகொண்டே கடைப்பிடித்தார்கள்.

வீட்டில் அதை அளவுக்கு மீறிக் கடைப்பிடித்தவள் மெலியாமே. சமையலறைக்குப் போனாலும் முன்கதவில் நின்று, "சமையலுக்குப் போய்ட்டு வரேன்டி!" என்று கத்துவாள். கடைக்கு, கோழிக்கூட்டுக்கு, கக்கூசுக்கு, எல்லாவற்றுக்கும் அறிவிப்பு. ஹிங்கானோ எழுதிக்கொண்டிருப்பாள், எரிச்சலாக வரும். "சரிம்மா" என்று பதில் வரும்வரை அவள் நகர மாட்டாள். "கிழவிக்கு ரேடியோவே தேவையில்லை" என்று லெசியேலி நாற்காலியிலிருந்து திட்டுவாள். சில சமயம் ஹிங்கானோ வேலை மும்முரத்தில் பதில் சொல்லாவிட்டால், லெசியேலியே "சரி சரி, போய்ட்டு வாடி" என்று அனுப்பிவைப்பாள். அந்தச் சத்தமெல்லாம் இருந்த வருஷங்கள் எவ்வளவு நல்ல வருஷங்கள் என்று அப்போது தோன்றவில்லை.

லெசியேலி முதலில் போனாள், அப்புறம் மெலியாமே. கடைசி நாட்களில் மெலியாமேவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒரு மதியம் ஹிங்கானோவின் கையைப் பிடித்து, கதவைக் காட்டி, "போய்ட்டு வரேன்டி" என்றாள்.

"சரிம்மா" என்றாள் ஹிங்கானோ. சொன்ன பிறகுதான் போனாள்.

மாதர் சங்கத்துப் பின்னறையைக் காலி செய்து, அந்தக் கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்கதவில் பதித்தது அதற்கப்புறம்தான். இப்போது அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். ரொட்டி வாங்கக் கிளம்பும்போது பையை எடுத்துக்கொண்டு, கதவருகே நின்று, உள்ளே காலியாக இருக்கிற சுவரோரத்தையும் நாற்காலியையும் பார்த்து உரக்கச் சொல்வாள்.

"கடைக்குப் போய்ட்டு வரேன்மா."

வெளியே தலை சீவிக்கொண்டிருக்கிற பெண்கள் சீப்பை நிறுத்திவிட்டு, "போய்ட்டு வாங்க டாக்டரம்மா" என்பார்கள். பதில் வந்த பிறகுதான் அவள் கதவைத் திறப்பாள்.